மர்ஹூம் சீனி முகமது

காலை பத்தேகாலுக்குக் கரண்ட் வந்தது. அதுவரை ஸ்டூலில் காத்திருந்த மைமூன் பீவி எழுந்துவந்து சத்யபிரியாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

அருப்புக்கோட்டையில் அந்த அச்சகத்துக் கம்ப்யூட்டரில் சத்யபிரியா எட்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாள். முஸ்லிம் வீட்டு மாதிரிகளைத் திறந்தாள். முதலில் வந்தது ஈச்சமரமும் ஒட்டகமும்.

"ஒட்டகம் வேணாம்மா. உசுருள்ளது எதுவும் கூடாது. பாலைவனமும் வேணாம். நம்ம ஊரு காயுறது பத்தாதா?"

"காபா படம் வைக்கட்டுமாக்கா?"

"பந்தி முடிஞ்சா தரையில கெடக்கும். மெதிபடும். ஓரத்துல ஒரு கொடி ஓடட்டும், போதும்."

அதே காரணத்துக்காக அரபி எழுத்தும் வேண்டாம் என்றாள். சத்யபிரியா பச்சையில் ஒரு கொடியை இழுத்துவிட்டு, மைமூன் எழுதி வந்த தாளைப் பார்த்து அடித்துக்கொண்டே போனாள். இன்ஷா அல்லாஹ். ஹிஜ்ரி தேதி. தீன்குலச் செல்வி ஹாஜிரா பர்வீன். அதன் மேல், மர்ஹூம் சீனி முகமது அவர்களின் மகள்.

விரல் நின்றது. உயிரோடு இருப்பவர் ஜனாப், இறந்தவர் மர்ஹூம். எத்தனையோ பத்திரிகையில் அடித்திருக்கிறாள். மைமூன் வீடு அடுத்த தெரு; அவள் புருஷன் சீனி முகமதையும் சிறு வயதிலிருந்தே தெரியும். போன மாதம்தான் நரிக்குடியிலிருந்து வந்து, கறிக்கடைக்குப் பில் புத்தகம் அடித்து வாங்கிப் போனார். கூடவே ஒரு பெண், இடுப்பில் குழந்தை.

"அக்கா, அண்ணன் போன மாசம் இங்க வந்தாக. நல்லாத்தான் இருக்காக."

"எனக்கு அந்தாளு செத்துப் பதினோரு வருஷமாச்சு."

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?"

"அவுக திருச்சுழி. இல்லாமப் போயிட்டாருன்னுதான் சொல்லியிருக்கேன். ஓடிப்போனவன் மகளை எடுப்பாகளா? நீ அடி."

சத்யபிரியா அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்துவிட்டு வெறும் பெயரைக் காட்டினாள்.

"மொட்டையா இருக்கு. பாத்த ஒடனே கேப்பாக."

மறுபடி மர்ஹூம் போட்டாள். நிக்காஹ் படிவங்களும் இதே கம்ப்யூட்டரில் அடிப்பவைதான். அதில் ஒரு கட்டம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"பொண்ணுக்குப் பொறுப்பாளருன்னு ஒரு கையெழுத்து வருமே. அது யாரு போடுறது?"

"எங் கொழுந்தன். அவன் எம்பக்கம்."

"அத்தா உசுரோட இருக்கும்போது, அவுகளைக் கேக்காம சித்தப்பா போட்டாச் செல்லுமாக்கா?"

மைமூன் திரையையே பார்த்தாள். பிறகு போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பத்திரிகையில பொய் சொன்னா எம் பாவம்" என்றாள். "நிக்காஹ்ல சொன்னா எம்புள்ள வாழ்க்கையில விழும். அதை எடுத்துரு. ஜனாப்னு போடு."

"திருச்சுழிக்கு என்ன சொல்லுவீக?"

"உள்ளதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிறேன். மொதல்ல அந்தாளு, தம்பி போடட்டும்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

சத்யபிரியா ஆர்டர் நோட்டைப் புரட்டி நம்பரைச் சொன்னாள். மைமூன் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். பத்தும் அழுத்தி முடித்தபின் கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"என்னன்னு கூப்புட்டுப் பேச்சை ஆரம்பிக்க?"