கடலைக்குப் போட்ட மருந்து

எல்லையில் சரக்குப் பரிசோதனைக்கு நேரம் வாங்கித் தருவதுதான் அவள் பிழைப்பு. கடலை, பயறு, மிளகு, பழம் என்று மண்ணில் விளைந்து வாய்க்குள் போகிற எது எல்லை தாண்டி வந்தாலும், லாரி வந்து சேருமுன் பரிசோதனைக் கூடத்துக்குத் தகவல் சொல்லி நேரம் குறித்தாக வேண்டும். தவறினால் லாரி வெளியே வெயிலில் காயும். லாரிக்காரன் ஒரு பக்கம், சரக்குக்காரர் ஒரு பக்கம் அவள் உயிரை வாங்குவார்கள். அந்தத் தெரு முழுக்க இதே தொழில் செய்கிற ஏஜென்ட்டுகள்தான். எல்லோருக்கும் நேற்றே முடித்திருக்க வேண்டிய வேலைதான்.

அதனால் அங்கே யாரும் விண்ணப்பத்தைப் புதிதாக நிரப்புவதில்லை. அதே ஆளின் போன தடவை விண்ணப்பத்தை அப்படியே நகலெடுத்து, கன்டெய்னர் பெட்டியின் எண்ணையும் எடையையும் மாற்றித் தட்டிவிடுவார்கள். அதில் ‘பூச்சி மருந்து வைத்த சரக்கா?’ என்று ஒரு கேள்வி உண்டு. ஆமாம் என்றால் கதவைத் திறந்து போட்டு, காற்றாட விட்டு, வாயு போய்விட்டதா என்று கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். கொண்டைக்கடலைக்காரர் சரக்குக்கு எப்போதும் ‘இல்லை’தான். இந்தத் தடவையும் அந்த ‘இல்லை’ சமர்த்தாக நகலோடு வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கடலையை ஏற்றி அனுப்பியவர் போன் செய்தபோது அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். சௌக்கியமெல்லாம் விசாரித்துவிட்டு, போகிற போக்கில்தான் அதைக் கேட்டார்.

“நல்லாக் காத்தாட விட்டுட்டுத்தானே திறக்கறீங்க? இந்தத் தடவை வண்டு விழுந்திருந்துச்சு. மாத்திரை போட்டுத்தான் பூட்டினோம். மெயில்ல சொல்லியிருந்தேனே.”

மெயில் வந்திருந்தது. வழக்கமான ஆள், வழக்கமான மெயில் என்று அவள்தான் திறக்கவில்லை. அந்த மாத்திரை ஈரக்காற்று பட்டால் வாயுவாகிவிடும். வண்டுக்கும் எமன், மூடிய பெட்டிக்குள் போகிற மனிதனுக்கும் எமன். கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருப்பதாக அவர் சொன்னார். வழியெல்லாம் மழை கொட்டியிருந்தது. அந்தத் தாள் இந்நேரம் எந்தச் சாக்கடையில் கிடக்கிறதோ.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கடலைப் பெட்டிக்கு அவள் வாங்கிய நேரம் இதுதான். அதைத் திறந்து, மூட்டைகள்மேல் தவழ்ந்துபோய், கடைசி வரிசையிலிருந்து மாதிரி எடுத்து வருகிறவன் அவளுடைய தம்பி. கண்டவர் காலிலெல்லாம் விழுந்து அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

கூடத்துக்குள் யாரும் செல்போன் வைத்திருக்கக் கூடாது. பரிசோதனை இன்ஸ்பெக்டரின் மேஜை போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் சாலையைக் கடந்து ஓடினாள். ஒரு வேன்காரன் திட்டியது காதில் விழவே இல்லை.

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். மஞ்சள் கோட்டு இல்லாமல், பூட்ஸ் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். என்ன அவசரம் என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். உள்ளே விஷவாயு என்று ஒரு வார்த்தை போதும், அவர் இடுப்பில் தொங்கிய விசிலை ஊதி எல்லா வேலையையும் நிறுத்தியிருப்பார். ஆனால் சொன்ன மறு நிமிஷம் யார் விண்ணப்பம் போட்டது என்று கேட்பார்கள். லைசென்ஸ் போகும், போலீஸ் வரும். ஓசைப்படாமல் தம்பியை மட்டும் வெளியே இழுத்துவிட்டால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவள் புத்தி கணக்குப் போட்டது. பயம் வந்தால் புத்தி இப்படித்தான் கேவலமாக வேலை செய்யும்.

“தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசணும். வீட்டு விஷயம்” என்றாள்.

வீட்டு விஷயமா என்று அவர் நிதானமாகிவிட்டார். கோட்டுத் தேடினார். கிடைத்தது பெரிய அளவு, வேறு தேடினார். உள்ளே எங்கோ இரும்புத் தாழ் கிறீச்சென்று விலகுகிற சத்தம் கேட்டது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

“கடலைப் பெட்டிக்குள்ள விஷவாயு. திறக்க விடாதீங்க.”

விசில் ஊதிக்கொண்டே அவர் ஓடினார். பின்னால் அவள் ஓடினாள், ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது. கால் பூமியில் பாவவில்லை. கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

அவர்கள் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பெட்டியின் கதவு திறந்திருந்தது. உள்ளே போன ஒருவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். வாயில் நுரை, கண் மேலே செருகியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தாள். தம்பி இல்லை. தம்பியோடு வேலை செய்கிற, மொட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற பையன். மதியத்தில் அவள் டிபன் பாக்ஸை உரிமையோடு பிடுங்கிச் சாப்பிடுகிறவன், கூடப் பிறக்காத குறையாக அக்கா அக்கா என்பவன்.

தம்பி ஈரக்கையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் அவன் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கணத்தில் வந்தது சந்தோஷம். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். தம்பி திரும்பி அவளைப் பார்த்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது, அதில் வந்தவர் எந்த வாயு என்று கேட்டார். விண்ணப்பத்தில் மருந்தே இல்லை என்று போட்டிருப்பதாக இன்ஸ்பெக்டர் திணறினார். இந்தத் தடவை அவள் கணக்குப் போடவில்லை. வண்டு மாத்திரை, பாஸ்பீன் வாயு, விண்ணப்பத்தில் தப்பாகப் போட்டது நான்தான் என்று கூட்டத்துக்கு நடுவில் சொன்னாள். அவர் அதை ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினார். பிழைப்பானா என்று யாரோ கேட்டதற்கு, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். வண்டி அலறிக்கொண்டு போயிற்று.

அவள் கை இன்னும் தம்பியின் தோளில்தான் இருந்தது.

“நான் குழாயடியில கை கழுவிட்டிருந்தேன்” என்றான். “அதான் மொட்டை ஏறினான். அங்கருந்து பார்த்தேன், நீ கேட்ல நின்னு பேசிட்டிருந்த. சும்மா வந்திருக்கன்னு நினைச்சேன்.”

அவள் வண்டி போன பக்கம் பார்த்தாள்.

“அப்பவே உனக்குத் தெரியுமாக்கா?”

தெரியாது என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது.

“தெரியும்” என்றாள்.

தம்பி அவள் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டான்.