வாசலின் மறுபாதி

சிறிய கதவு பாதி திறந்திருக்கிறது, பெரிய கதவு தரையில் தாழிட்டு நிற்கிறது, நடுவில் உள்ள சந்தில் உடலைப் பக்கவாட்டில் திருப்பிக் காய்கறிப் பையைத் தலைக்குமேல் தூக்கியபடி நுழைகிறார் சிவசைலம், என் கணவர், போக்குவரத்துக் கழகத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நுழைந்தபின் அந்த இரும்புக் கதவை இரு கைகளாலும் பற்றி ஓசையெழாமல் சாத்துவார், முன்கட்டில் வீட்டுக்காரர் உறங்கக்கூடும் என்பதற்காக, வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லாத நாள்களிலும் அப்படித்தான் சாத்துவார், சாத்தியபின் ஒரு கணம் நின்று, கதவு ஒன்றும் சொல்லவில்லை என்று உறுதிசெய்துகொண்டவர்போல நாங்கள் குடியிருக்கும் பின்கட்டுக்கு நடந்து வருவார், சிறிய கதவுக்குப் பின்னால் முருங்கைமரம் நிற்பதால் அது பாதிக்குமேல் திறவாது, பெரிய கதவோ வீட்டுக்காரர் நெல்லைநாயகத்தின் வீட்டு விசேடங்களுக்கு மட்டுமே உரியது, ரெண்டையும் தொறந்து போட்டா மாடு உள்ள வந்து முருங்கையத் தின்னுரும் டீச்சர் என்று குடிவந்த அன்றே சொல்லிவிட்டார், அதனால் எங்கள் பீரோ மதிலின்மேல் ஏற்றி மறுபக்கம் இறக்கப்பட்டது, பீரோ சுவரேறிக் குதிச்சுல்லா குடிவந்திருக்கு என்று சிவசைலம் சிரித்த சிரிப்பு இப்போதும் அந்த மதிலருகே கேட்கிறது, சுவரில் ஆணி அடிக்கலாகாது என்றபோதும் சிரித்தார், என் தங்கை வந்து தங்கியபோது தண்ணி ரொம்பப் போகுதே என்று சன்னல் வழியே நெல்லைநாயகம் கேட்டபோதும் சிரித்தார், எனக்குச் சினம் வரும், பாவம்ட்டி, அவரு என்ன பெரிய மொதலாளியா, நம்மள மாதிரி ஆளு, வாயக் கட்டி வயித்தக் கட்டி ஒரு வீடு கட்டியிருக்காரு, நாம அனுசரிச்சாத்தான என்ன என்பார், நானும் அனுசரித்தேன், ஏனெனில் ஒற்றை வீட்டுக்காரனே நல்லவன் என்பது என் தாயார் எனக்கு ஊட்டி வளர்த்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கை ஒரு மாட்டுவண்டியின்மேல் பிறந்தது, வண்டியில் பாத்திரங்கள், பாய்ச்சுருள், அவற்றின்மேல் நான், ஆற்றங்கரைத் தெருவில் நாங்கள் குடியிருந்த வளவு பின்னால் நகர்ந்துகொண்டே போகிறது, ஒரே முற்றத்தைச் சுற்றி ஒற்றையறை வீடுகள், அத்தனையும் பெரிய முதலாளிக்குச் சொந்தம், அந்தத் தெருவும் அடுத்த தெருவும் அவருக்கே சொந்தம், அவர் முகத்தை நாங்கள் அவருடைய கடை நாள்காட்டியில் மட்டுமே பார்த்திருக்கிறோம், என் தந்தை இறந்தபோது உடலை முற்றத்தின் நடுவில் கிடத்தினார்கள், யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை, குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது, வளவே அழுதது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் முதலாளியின் காரியஸ்தர் வந்து நின்றார், என் தாயாரை அவர் பார்க்கவில்லை, ஓட்டுக்கூரையில் உடைந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார், வீடு அவுக பேருலல்லா இருந்துச்சு, இனி ஒழிச்சுக் குடுத்துருங்க என்றார், நான் மொதலாளியப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் என்றார் அம்மா, காரியஸ்தர் சிரித்துவிட்டார், மொதலாளிக்கு இப்படி ஒரு வளவு இருக்குங்கதே ஞாபகம் இருக்காது, ஒங்களையா தெரியப் போகுது, வண்டி பாலத்தில் ஏறும்போது அம்மா சொன்னார், இனிமே இருந்தா ஒத்த வீடு வச்சிருக்க ஆளுகிட்டதான் இருக்கணும், மூஞ்சியப் பாத்துப் பேசலாம்லா, நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தேன், வேலைக்குப் போனேன், மணம் முடித்தேன், முகம் பார்த்துப் பேசும் வீட்டுக்காரர்களாகவே தேடித் தேடிக் குடியிருந்தேன், வண்டி இன்னும் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருக்கிறது, பாலத்தின் மறுமுனையில் இந்த இரும்புக் கதவு, கதவுக்குப் பின்னால் நெல்லைநாயகம், இன்று காலை, என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

மருத்துவமனையில் என் கணவருக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கூறிவிட்டார்கள், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா என்றார் மருத்துவர், அதைக் கேட்டுச் சிவசைலம் கண் திறந்தார், நம்ம வீட்டுக்குப் போவோம்ட்டி என்றார், பல நாள்களுக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அது, நம்ம வீடு என்று எவ்வளவு இயல்பாகச் சொன்னார், மதியத்தில் வண்டி வைத்து அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டுக் கட்டிலை ஒழுங்குசெய்ய நான் முன்னே வந்தேன், அண்ணாச்சி, பெரிய கேட்டத் தொறந்து விடணும், ஸ்ட்ரெச்சர் இந்தச் சந்துல நுழையாது என்றேன், நெல்லைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார், டீச்சர், ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்க, அண்ணாச்சிய இங்க கொண்டார வேண்டாம், அங்கயே இருக்கட்டும், ஒண்ணு ஆயிட்டுன்னா அங்கன இருந்தே நேரா என்று சுடுகாடு இருக்கும் ஆற்றுப்பக்கம் கையை நீட்டினார், நீட்டிய கையை எங்கே வைப்பதென்று அறியாமல் கதவின்மேல் வைத்தார், நான் என்ன ஊரெல்லாம் வீடு கட்டி விட்டிருக்கவனா, எனக்கு இருக்கது இது ஒண்ணுதான், சாவு விழுந்த வீடுன்னு பேராயிட்டுன்னா நாளைக்கு எவன் குடிவருவான், பெரிய மொதலாளின்னா ஒரு வீடு பூட்டிக் கெடந்தாலும் தாங்குவான், நான் தாங்குவனா நீங்களே சொல்லுங்க, அவர் கண்கள் கலங்கியிருந்தன, அது நடிப்பன்று, அதுவே என்னை மிகவும் வருத்தியது.

ஒங்க அம்மா எங்க இறந்தாங்க அண்ணாச்சி என்று கேட்டேன், அவர் முன்கட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார், பிறகு மெல்லச் சொன்னார், அது எங்க வீடுல்லா டீச்சர், எங்க வீடுல்லா, அந்த நாள் என்முன் வந்து நிற்கிறது, பந்தல் போட ஆள்கள் வந்துவிட்டார்கள், பெரிய கதவின் தாழ் துருவேறித் தரைக்குழியில் இறுகிவிட்டது, ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நின்றார்கள், சிவசைலம்தான் எங்கள் அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப்போய்க் குந்தி உட்கார்ந்து ஊற்றினார், ஊறட்டும் என்று காத்திருந்தார், அரைச்செங்கல்லால் கீழிருந்து தட்டித் தட்டித் தாழை எழுப்பினார், அந்த அகன்ற வாசல் வழியாகத்தான் நெல்லைநாயகத்தின் தாயார் போனார், முன்னால் போய் வழி விலக்கியவர் என் கணவர், அன்று மாடு எதுவும் முருங்கையைத் தின்ன வரவில்லை.

நான் அந்தச் சந்தில் நின்றுகொண்டு மனத்துக்குள் என் தாயாரோடு வழக்காடினேன், அம்மா, நீங்கள் சொன்னது பாதிதான் அம்மா, பெரியவனுக்கு நாம் கண்ணில் படவில்லை, அதனால் அவனுடைய முற்றத்தில் சாகவும் முடிந்தது, பதினாறு முடிந்த மறுநாள் தெருவில் நிற்கவும் நேர்ந்தது, இவருக்கு நாம் கண்ணில் படுகிறோம், கறிவேப்பிலை கிள்ளித் தருகிறார், இவர் மனைவி ஆவுடையம்மாள் எனக்குச் சுரம் கண்டபோது கசாயம் வைத்துத் தந்தார், ஒன்றையும் நான் மறுக்கவில்லை, ஆயினும் பெரியவனுக்கு வாடகை போதும், இவருக்கு வாடகையோடு நன்றியும் வேண்டும், இப்போது நாம் இவருடைய அச்சத்துக்கும் குடிக்கூலி கொடுக்கவேண்டும், எனக்கு இருப்பது ஒன்றுதான் என்கிறார், எனக்கும் இருப்பவர் ஒருவர்தான், சிறியவர் என்று இத்தனை காலம் இரங்கி இரங்கி நாங்கள் பக்கவாட்டில் நடக்கப் பழகிவிட்டோம், தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் கை மெலிந்ததாயினும் பருத்ததாயினும் வெளியே நிற்பவனுக்கு வாசல் ஒன்றுதான்.

இதையெல்லாம் நான் நெல்லைநாயகத்திடம் சொல்லவில்லை, நான் அவரைக் கூட்டிட்டு வாறேன் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன், அவர் முகம் இறுகிற்று, அப்படின்னா இந்த மாசத்தோட ஒழிச்சுக் குடுத்துருங்க என்றார், காரியஸ்தரின் அதே சொல், ஆனால் இவர் கூரையைப் பார்க்கவில்லை, என் கண்களைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான் வேறுபாடு, சரி அண்ணாச்சி, ஒழிச்சுத் தாறேன், பீரோ வந்த வழி தெரியும்லா என்றேன், உள்ளேயிருந்து ஆவுடையம்மாளின் குரல் வந்தது, ஏங்க, நீங்க மட்டும் சாவாமயா இருக்கப் போறீய, ஒங்களுக்கும் அந்தக் கேட்டு வழிதான, ஏட்டி, நீ உள்ள போ என்று இவர் கத்தினார், கத்தியவர் தாமே உள்ளே போய்விட்டார்.

நான் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு பெரிய கதவின்கீழ் அமர்ந்திருக்கிறேன், முழங்கால் வலிக்கிறது, எண்ணெய் குழிக்குள் மெல்ல இறங்குகிறது, ஊறட்டும் என்று யாரோ என் காதருகே சொல்கிறார், செங்கல்லை எடுத்துக் கீழிருந்து தட்டுகிறேன், முன்கட்டுச் சன்னலில் ஒரு நிழல் நிற்கிறது, நிற்கட்டும், தாழ் அசைகிறது, எழுகிறது, கதவு பெருங்குரலெடுத்துத் தெருவெல்லாம் கேட்கத் திறக்கிறது, அதை அடக்குவதற்கு நான் கைகளைக் கொண்டுபோகவில்லை, அகன்ற வாசலில் வெயில் முழுதாக உள்ளே விழுகிறது, அதன் நடுவே இப்போதே சிவசைலம் வருகிறார், பக்கவாட்டில் திரும்பாமல், இரு தோள்களும் நேராக, மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு. மதியத்தில் வண்டி வரும். அவரை இந்த வழியாகத்தான் உள்ளே கொண்டுவருவேன், போகும்போதும் இந்த வழியாகத்தான் அனுப்புவேன். அதுவரை இந்தக் கதவைச் சாத்தமாட்டேன்.