மூன்று பேர் சொன்ன இல்லை

நல்ல மனசு, நல்ல மனசு என்று ஊர் மெச்சுகிற குடும்பங்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. தினமும் சண்டை போட்டு ஒருத்தர் குட்டை ஒருத்தர் உடைக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால், செண்பகவல்லி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.

தாராவியில் எங்களுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. கணேசபாண்டியனுக்கு வடாலாவில் லேத்துப் பட்டறையில் வேலை. அவன் அம்மா முப்பிடாதியம்மாளை நான் பெரியம்மை என்று கூப்பிடுவேன். செண்பகவல்லி அவன் பெண்டாட்டி. தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்குப் போனவள், பிள்ளை தங்காமல் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பெண் வீட்டில் நடந்ததைப் புகுந்த வீட்டில் தோண்டிக் கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அந்த மரியாதையில் மண்ணைப் போட.

அறுபத்தெட்டாம் வருஷத்து மழையில் அவளுக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் சீழ் வைத்து, முகம் ஒரு பக்கமாக வீங்கிவிட்டது. கிராம்பு, உப்புத் தண்ணீர் எதற்கும் கேட்கவில்லை. நான் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தேன். பக்கத்திலேயே ஒரு குஜராத்தி பல் டாக்டர், கைராசிக்காரர். அவரிடம் அழைத்துப் போனேன். புருஷனும் மாமியாரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். ஒரு பல்லுக்கு மூன்று பேர் காவலா என்று கேலிகூடச் செய்தேன்.

ஊசியில் மருந்தை ஏற்றுவதற்கு முன்னால் டாக்டர் இந்தியில் கேட்டார், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று. அவளுக்கு இந்தி தெரியாது.

"ஏ செம்பகம், வேற மாத்திர ஏதும் சாப்பிடுதியா?" என்று நான் கேட்டேன்.

அவள் கண் பெஞ்சில் இருந்த மாமியார் பக்கம் போய்த் திரும்பியது. "இல்லக்கா."

"அவளுக்கு என்ன நோயா நொடியா? ஒண்ணும் கெடையாது" என்றாள் பெரியம்மை.

"ஒண்ணுமில்லக்கா" என்று கணேசபாண்டியனும் தலையாட்டினான்.

மூன்று பேர் சொன்னதையும் ஒரே 'நஹி'யாக டாக்டரிடம் கொடுத்தவள் நான்.

சீழ் பிடித்த இடம் சுலபத்தில் மரக்காதாம். முதல் ஊசிக்கு மரக்கவில்லை. இன்னொன்று போட்டார். அதற்கும் "வலிக்கி" என்றாள். மூன்றாவதையும் போட்டுவிட்டு, பல் பிடுங்குகிற இடுக்கியை எடுக்கத் திரும்பினார். அதற்குள் அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மண்ட பொளக்கு."

முகம் வெளுத்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. டாக்டர் பிரஷர் பார்த்தார். மறு பேச்சில்லாமல் வெளியே ஓடி டாக்ஸி பிடித்து எங்களை ஏற்றிவிட்டு, தானும் இன்னொன்றில் பெரியம்மையை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

அவள் தலை என் மடியில் இருந்தது. புருஷன் முன் சீட்டில், டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தான். மழை இரைச்சலில் அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். பிள்ள போனதுக்கப்புறம் எனக்கு மனசு சரியில்லாம ஆயிட்டு. பாளையங்கோட்ட டாக்டர் மாத்திர குடுத்தாரு. அப்பா ஆள்கிட்டக் குடுத்து விடுதாக. கருப்பட்டி டப்பாவுல வச்சிருக்கேன்."

"ஏட்டி, அத அங்கேயே சொல்றதுக்கு என்ன?"

"கிறுக்கின்னு தெரிஞ்சா அப்பா வீட்டுக்கே அனுப்பிருவாகளே. அத்தைக்கும் அவுகளுக்கும் தெரிய வேண்டாம்க்கா. சொல்லிராதீக."

அப்புறம் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும் பல் டாக்டரைத் தனியே இழுத்துப் போய்ச் சொல்லிவிட்டேன். உயிர் போகிற நேரத்தில் என்ன சத்தியம் வேண்டிக் கிடக்கிறது. அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். மரக்கிற மருந்தோடு, ரத்தம் கசியாமல் இருக்க இன்னொரு மருந்தும் கலந்திருக்குமாம். மனசுக்குச் சாப்பிடுகிற சில மாத்திரை உடம்பில் இருந்தால், அந்தக் கலப்பு மருந்து ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடுமாம். இவளுக்கோ மூன்று ஊசி. கலப்பில்லாத மருந்தும் அதே அலமாரியில்தான் இருந்தது என்றார்.

மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குப் பின்னாலேயே அம்மாவோடு வந்து நின்ற கணேசபாண்டியன் இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். நான் திரும்பி அவனைப் பார்த்தேன்.

"ஒரு மாசம் ஊர்லருந்து ஆளு வரல. அவ தவிச்சுப் போயிட்டா. காலிக் குப்பியப் பாத்து நாந்தான் கடையில வாங்குனேன். மாமா குடுத்துவிட்டதுன்னு முறுக்குப் பொட்டலத்துக்குள்ள வச்சுக் குடுத்தேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூனிக் குறுகிப் போவாக்கா. அதுவும் அம்மாவ வச்சுக்கிட்டு எப்படிச் சொல்ல?"

பெரியம்மை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் தெரியுமே மக்கா. வந்த மாசமே தெரியும். அந்த டப்பாவத் தொடப்படாதுன்னுதானல நான் கருப்பட்டிக் காப்பியே வேண்டாம்னுட்டேன். நீ அவளக் கிறுக்கின்னு நெனச்சிரப்படாதேன்னு அங்கன ஒண்ணும் கெடையாதுன்னு சொன்னேன்."

இரண்டு பேரையும் செவிட்டில் அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் மாறி மாறி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் அழுகைதான் வந்தது. ஒரு வீட்டில் மூன்று பேர் இவ்வளவு ஆசையாகவா ஒருத்தரை ஒருத்தர் கொல்வார்கள்.

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, இனி கடவுள் விட்ட வழி என்றார்கள். விடிகிற வரைக்கும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. கணேசபாண்டியன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியம்மை மட்டும் குனிந்து மருமகளின் காதில் வாயை வைத்தாள்.

"ஏ செம்பகம், எனக்குத் தெரியும்ட்டி. அவனுக்கும் தெரியும். நீ ஒண்ணும் பயப்படாத. யாரும் உன்ன எங்கயும் அனுப்ப மாட்டோம். கேக்கா மக்கா? எங்களுக்குத் தெரியும்."

நர்ஸ் வந்து வெள்ளைத் துணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டாள். பெரியம்மை அதை விலக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.