நூற்று அறுபது பவுண்டு

என் எடை நூற்று ஐம்பத்திரண்டு பவுண்டு. எங்கள் ஊர் தானியக் கிடங்கின் எடைமேடை லாரிகளுக்கானது, இருபது இருபதாகத்தான் எண்ணும். அதனால் அன்றைக்கு அது என்னை நூற்று அறுபது என்றது. ராய்ஸ் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான். எட்டு பவுண்டைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி நான் சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் போட்டிருக்கலாம்.

ராய்ஸ் என் கணவன். க்ராஃபோர்டில் ரயில் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தான். நிலக்கரி ஏற்றிப் போகும் வண்டிகளின் ஓரமாக நடந்து, சக்கரத்தைப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, சரியில்லாத பெட்டியை வரிசையிலிருந்து கழற்றிவிடச் சொல்வது அவன் வேலை. ஓய்வு பெற்றதும் இருவரும் கடலுக்குப் போவதாகப் பேச்சு. நெப்ராஸ்காவில் எங்கள் வீட்டு முனையில் போகிற இருபதாம் எண் நெடுஞ்சாலையில் திரும்பாமல் மேற்கே ஓட்டிக்கொண்டே போனால் ஓரிகனில் நியூபோர்ட் என்ற ஊரில் கடல் வந்துவிடும். முப்பத்தாறு வருஷமாக அந்தச் சாலையைத் தாண்டித்தான் நான் மளிகைக் கடைக்குப் போய் வந்தேன். கடலைப் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: ராய்ஸ் ஓட்ட, பக்கத்து இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அந்தக் கடைசி மைல்வரை போகவேண்டும்.

நடுத்தர அளவில், பின்னால் தொட்டி வைத்த பிக்கப் வண்டி ஒன்று வாங்கினான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த இருபத்தொரு அடி டிரெய்லர் ஒன்றும் வாங்கினான். பிக்கப் ஏழாயிரம் பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. டிரெய்லர் சாமானோடு நாலாயிரத்து ஐந்நூறுதான் வரும். "பின்னாடி ஒண்ணு தொங்குதுன்னே தெரியாது" என்று விற்றவன் சொன்னான். ராய்ஸ் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

டிரெய்லரை இழுக்கிற கொக்கியை மாட்ட ட்வைலாவின் பட்டறைக்குப் போனோம். ட்வைலாவுக்கு நாற்பது வயது இருக்கும். குதிரை வண்டி, படகு வண்டி என்று இந்தப் பக்கத்தில் எது எதை இழுத்தாலும் அவள் கைதான் பட்டிருக்கும். அவள் விளம்பரத் தாளைத் தொடக்கூட இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, நிலையில் ஒட்டியிருந்த சின்னத் தாளில் விரலை வைத்தாள்.

"ராய்ஸ், இத படிச்சீங்களா?"

"இழுக்கறது ஏழாயிரம்னு போட்டிருக்கானே."

"இழுக்கறத விடுங்க. இது சுமக்கறது. ஆளு, சாமான், நாய், எல்லாம் சேத்து ஆயிரத்து நூத்தி எம்பது. அதுக்கு மேல ஒரு பவுண்டு கூடாது. டிரெய்லர் மூக்க உங்க வண்டி வால் மேல வச்சு அழுத்தும் பாருங்க, அந்த எடையும் இதுலதான் கழியும்."

"பின்னாடி காத்துப் பை வச்ச ஸ்பிரிங் போட்டா?"

"வால் தூக்கும். தாள்ல இருக்கற நம்பர் தூக்காது."

சுமையில் கொஞ்சத்தை முன்சக்கரங்களுக்குத் தள்ளிவிடுகிற கம்பிகள் வைத்த கொக்கியை அவள் மாட்டினாள். டிரெய்லரின் பிரேக்குக்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டியை ராய்ஸின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் கைப்பிடியை எங்கள் இருவருக்கும் காட்டினாள். "டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சா கால் பிரேக்கத் தொடாதீங்க. இத மட்டும் அழுத்துங்க. லோரின், நீங்களும் கேட்டுக்கங்க" என்றாள். நான் கேட்டுக்கொண்டேன். ராய்ஸ் கொக்கியின் பெயின்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனோம். கோதுமை அறுவடைக் காலம். எங்களுக்குப் பின்னால் நாலு லாரிகள் நின்றன. எடை அறையில் மெர்ல் உட்கார்ந்திருந்தான். ராய்ஸ் முதலில் மொத்தமாக எடை போட்டான். பிறகு ஒவ்வொன்றாக இறக்கி இறக்கிப் போட்டான். நாயை இறக்கினான். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நானும் இறங்கினேன்.

"நூத்தி அறுவது!" என்று ஒலிபெருக்கியில் மெர்ல் கூவினான். "என்ன ராய்ஸ், பன்னிய ஏத்தற மேடையில பொண்டாட்டிய ஏத்திருக்க? எங்க விக்கப் போற?"

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த ஊரில் அதற்குச் சிரிக்காவிட்டால் அதையும் ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவார்கள்.

கணக்கு இப்படி வந்தது. டிரெய்லரின் மூக்கு அறுநூறு. கொக்கி எண்பது. பிக்கப்பின் பின்தொட்டிமேல் போட்ட மூடி நூற்று அறுபது. ராய்ஸ் இருநூற்று நாற்பது. பிஸ்கட் என்ற எங்கள் நாய் அறுபது. கருவிப்பெட்டி நூறு. ஜெனரேட்டர் அறுபது. நான் நூற்று அறுபது. மொத்தம் ஆயிரத்து நானூற்று அறுபது. இருநூற்று எண்பது பவுண்டு அதிகம்.

அன்று மத்தியானமே என் சாமான்கள் வெளியே வர ஆரம்பித்தன. டிரெய்லரின் முன் அலமாரியில்தான் நான் எல்லாவற்றையும் வைத்திருந்தேன். அங்கே வைக்கிற எடை நேராக மூக்கில் போய் இறங்கும் என்றான். தையல் மெஷின் போயிற்று. புத்தகங்கள் போயின. கல்யாணத்துக்கு வந்த இரும்புச் சட்டியும் போயிற்று. ஒவ்வொன்றையும் குளியலறைத் தராசில் வைத்து, சாக்கட்டியால் அதன்மேலேயே எண்ணை எழுதினான். ரயில் பெட்டியில் எழுதிப் பழகிய கை. மொத்தம் எண்பது.

"சட்டி இல்லாம எதுல சமைக்கறது?"

"அலுமினியச் சட்டி ஒண்ணு வாங்கிக்கலாம். எடையே இருக்காது."

அவன் பெட்டியில் ஒரு ஸ்பேனர்கூடக் குறையவில்லை. கேட்டேன். நடுவழியில் நின்றுபோனால் உன் தையல் மெஷினை வைத்தா சரிசெய்வேன் என்றான். பதில் சொல்ல வாய் வரை வந்தது. இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் எதற்குச் சண்டை என்று விழுங்கிவிட்டேன். எங்கள் கல்யாணத்தில் நான் விழுங்கியதையெல்லாம் அந்தத் தராசில் வைத்திருந்தால் தராசு உடைந்திருக்கும்.

அதன்பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கருவிப்பெட்டியையும் ஜெனரேட்டரையும் டிரெய்லரின் கடைசிக் கோடியில் ஏற்றினான். பின்னால் பாரம் ஏறினால் முன்னால் மூக்கு தூக்கும், பிக்கப்புக்குச் சுமை குறையும். தாளில் போட்டுப் பார்த்தால் அற்புதமாக வந்தது. ட்வைலாவை ஒரு வார்த்தை கேள் என்றேன். "முப்பத்து நாலு வருஷம் வண்டி பாத்தவன் நான்" என்றான்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று பக்கத்து ஊரான ஹாரிசன் வரை போய்த் திரும்பி வரும்போது, இறக்கத்தில், எதிரே மாட்டு லாரி ஒன்று காற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. டிரெய்லர் ஒருமுறை இடுப்பை அசைத்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம். மூன்றாவது அசைவில் எங்கள் பிக்கப்பின் பின்பக்கத்தையே தூக்கி அந்தப் பக்கம் போட்டது. கண்ணாடியில் டிரெய்லரின் முழுப் பக்கமும் தெரிந்தது. அது தெரியவே கூடாது. ராய்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கால் பிரேக்கை ஓங்கி மிதித்தான். அது இன்னும் மோசமாக ஆடியது. நாய் என் கழுத்துமேல் வந்து விழுந்தது. நான் அவன் முழங்காலைத் தாண்டிக் கையை நீட்டி அந்தக் கைப்பிடியை அழுத்தினேன். "காலை எடு! ராய்ஸ், காலை எடு!" என்று கத்தினேன். எடுத்தான். பின்னால் யாரோ வாலைப் பிடித்து இழுத்த மாதிரி டிரெய்லர் நேரானது.

சாலையோரம் நிறுத்தினான். வண்டி நின்ற பிறகும் அவன் ஸ்டியரிங்கை விடவில்லை. நான் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை.

பட்டறையில் ட்வைலா அவனை வாட்டி எடுத்துவிட்டாள். "டிரெய்லர் எடையில பத்துல ஒரு பங்காவது மூக்குல இருந்தே ஆகணும்! அதக் கொறச்சா ஆடத்தான் செய்யும். யாரு கைப்பிடிய அழுத்தினது?"

"சமாளிச்சிட்டோம்" என்றான் ராய்ஸ்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ட்வைலாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, பொழச்சீங்க" என்றாள் அவள். "இப்ப நேராவே சொல்றேன். அந்த மேல்மூடியக் கழட்டிப் போட்டுட்டுப் போங்க. எல்லாம் அடங்கிடும்."

வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் நோட்டைப் பிரித்தான். பயம் அவனை விடவில்லை, அது எனக்குத் தெரிந்தது. ஜெனரேட்டரைக் கொட்டகையிலேயே விட்டுவிடுவதாகச் சொன்னான். கையை வெட்டிக் கொடுத்தவன் மாதிரி சொன்னான். அதைக் கழித்தும் நூற்று நாற்பது அதிகமாக இருந்தது.

"ட்வைலா சொன்னாளே, மூடிய எடுத்துடு" என்றேன். "அது நூத்தி அறுவது. எடுத்தா முடிஞ்சுது."

"மழை பெஞ்சா? கருவியெல்லாம் நனைஞ்சிடும். பிக்கப்போட கலருக்குன்னே சொல்லி வச்சு வாங்கினது லோரின்."

"அப்ப கருவிப்பெட்டிய விடு. பிஸ்கட்ட ஜோலின் வீட்டுல விடலாம். நம்ம பொண்ணு பாத்துக்க மாட்டாளா?"

அவன் பென்சிலை வைத்தான். நன்றாக யோசித்து வைத்திருந்தான் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. கோபமில்லை, எரிச்சல்கூட இல்லை.

"நீ நம்ம கார்ல பின்னாடி வந்துடேன். சாயங்காலம் எறங்கற எடத்துல ஒண்ணாத்தான இருக்கப் போறோம்?"

"நானா?"

"பிஸ்கட்டுக்குக் கார் ஓட்டத் தெரியாதே" என்று சிரித்தான்.

மேல்மூடி நூற்று அறுபது. நானும் நூற்று அறுபது. நோட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. அவன் பென்சிலை எடுத்து ஒன்றை அடித்தான். முப்பத்தாறு வருஷக் கல்யாணம் ஒரு பென்சில் கோட்டில் போனது என்று நான் சொன்னால் மிகையாக இருக்கும். போகவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனுக்குப் பிடித்த மாட்டிறைச்சிக் குழம்பைத்தான் வைத்தேன்.

கிளம்பினோம். லஸ்க் தாண்டினோம். வயோமிங்கின் அந்தப் பொட்டல் முழுக்க என் கண்ணுக்கு முன்னால் இருந்தது டிரெய்லரின் வெள்ளை முதுகு மட்டும்தான். மலை வந்தால் அவன் பார்ப்பான், நான் டிரெய்லரைப் பார்ப்பேன். மான் கூட்டம் வந்தது. "வலது பக்கம் பார்!" என்று போனில் சொன்னான். நான் பார்ப்பதற்குள் அது போய்விட்டது. பிக்கப்பின் பக்கக் கண்ணாடியில், என் இருக்கையில் நாய் நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

காஸ்பரில் லாரிகள் நிற்கும் இடத்தில் எடைமேடை இருந்தது. சாலையில் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று ஏறினான். நான் ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி ஓடி வந்தான்.

"ஆயிரத்து நூத்தி அறுவது! லோரின், பாரு. இருவது பவுண்டு மிச்சம். ஒரு ஆட்டம் இல்ல, ஒரு நடுக்கம் இல்ல. தண்ணி மேல போற மாதிரி போவுது." அப்புறம் என் காரின் பின் இருக்கையைப் பார்த்துவிட்டு, மனதார, பெரிய மனதோடு சொன்னான்: "இருவது பவுண்டு இருக்கு. உன்னோடது ஏதாச்சும் வைக்கணும்னா வச்சிக்கோ."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் முப்பது வருஷத்துக்கு முன்பே எனக்கு வழி தெரிந்திருக்கும்.

என் கைப்பையைத் திறந்தேன். அவனுடைய ரத்தக் கொதிப்பு மாத்திரை டப்பாக்கள் எப்போதும் என்னிடம்தான் இருக்கும். இரண்டையும் எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"காலைல வெள்ளை ரெண்டு. சாயங்காலம் மஞ்சள் ஒண்ணு, சாப்பிட்டப்புறம்."

"இத எதுக்கு இப்ப எங்கிட்ட குடுக்கற?"

"எடையே இருக்காது, வச்சிக்கோ."

காரில் ஏறி அவனைத் தாண்டிப் போனேன். முன்னால் ஒன்றும் இல்லை, சாலை மட்டும். டிரெய்லர் இழுக்கிறவன் மெதுவாகத்தான் வர முடியும். ட்வைலா அறுபது மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லியிருந்தாள். நான் எண்பதில் போனேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நியூபோர்ட் வந்தது. காரை நிறுத்திவிட்டு மணலில் இறங்கினேன். கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. குளிர் தாங்கவில்லை. அவ்வளவு பெரியது. அழகாகத்தான் இருந்தது, அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. பார் என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். ஆள் இல்லை.

போன் அடித்தது. ராய்ஸ்தான். இடாஹோவில் இருக்கிறானாம். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்பான் என்று நினைத்தேன். ஏன் போனாய் என்று ஒரு சத்தமாவது போடுவான் என்று நினைத்தேன்.

"மலை ஏத்தத்துலகூட ஆடல, லோரின். கோடு போட்ட மாதிரி வருது" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "ஆமா, சாயங்காலத்துக்கு வெள்ளையா, மஞ்சளா?"

அலை என் செருப்பை நனைத்துவிட்டுப் போனது. சொல்லாமல் போனை வைத்துவிடலாம். மூன்று நாள் தனியாக ஓட்டி வந்தவளுக்கு அதுகூடவா முடியாது?

"மஞ்சள். ஒண்ணு" என்றேன். "சாப்பிட்டப்புறம்."