முந்தி அடித்த கெட்டிமேளம்

என் மகள் கல்யாணத்தில் நான் மைக்கைப் பிடுங்கினேன் என்று எங்கள் ஊர் உப்பிலியபுரம் முழுக்கப் பேச்சு. பிடுங்கவில்லை. நீட்டிய கையிலிருந்து வாங்கினேன். வாங்கிய வேகம் வேண்டுமானால் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். இருந்தால் என்ன இப்போ?

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை அஜித் காட்டூர்ப் பையன், துவாக்குடியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். மந்திரம் சொல்ல ஐயர் கிடையாது. என் வீட்டுக்காரர் மருதை கல்யாணமான நாளிலிருந்து கட்சிக் கரை வேட்டியைத் தவிர வேறு கட்டி நான் பார்த்ததில்லை. கட்சிப் பெரியவர் ஒருவர் தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை கட்ட வேண்டும், அவ்வளவுதான் சடங்கு. ஆனாலும் பத்திரிகையில் ஏழரை முதல் ஒன்பது முகூர்த்தம் என்று போட்டிருந்தோம். நாதஸ்வரம், தவில், அட்சதைத் தட்டு எல்லாம் உண்டு. எங்கள் பக்கம் எல்லாமே இப்படிக் கலந்து கட்டித்தான் நடக்கும்.

தாலி எடுத்துக் கொடுக்க வருகிறவர் கட்சியின் மாவட்டச் செயலாளர் சின்னையா. அவரை யாரும் பேர் சொல்வதில்லை, ‘மாவட்டம்’ என்றுதான் சொல்வார்கள். மாவட்டம் கிளம்பிவிட்டார், மாவட்டம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டிவிட்டார் என்று காலையிலிருந்து என் வீட்டுக்காரர் போனும் கையுமாக வாசலுக்கும் மேடைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

பவித்ரா எனக்கு ஒரே பிள்ளை. இப்போது ஒரே பிள்ளை. பிசியோதெரபி படித்தவள். எங்கள் ஒன்றியத்துப் பள்ளிக்கூடங்களில் நடக்க முடியாத பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தாள். அந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு டெல்லி கொடுக்க வேண்டும், மீதி நம் அரசாங்கம். டெல்லி நீட்டிய ஏதோ ஒரு ஒப்பந்தத்தில் நம் ஆட்கள் கையெழுத்துப் போடவில்லை என்று டெல்லி தன் பங்கை நிறுத்திக்கொண்டது. அவர்கள் சண்டைக்கு நடுவில் இவளுக்கு மாதக் கணக்கில் சம்பளம் இல்லை. என்னிடம் பஸ்ஸுக்கு வாங்கிக்கொண்டு பச்சமலை அடிவாரம் வரைக்கும் போய் வந்தாள். நான் போகாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குக் கால் மடங்கிப்போகும் அம்மா என்பாள். எனக்கு எரியும். டெல்லியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்தப் பிள்ளைகளின் காலா கண்ணில் பட்டது?

கடைசியில் அரசுத் தேர்வு எழுதி ஜெயித்தாள். சென்னையில் வேலை. அடுத்த மாதம் சேர வேண்டும். மூன்று வருஷம் அங்கே இருந்தால்தான் திருச்சிக்கு மாற்றல் கேட்க முடியும். அதனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கே நடு வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டாள், மூன்று வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம், எனக்கு இந்த வேலை வேண்டும் என்று. அஜித் தலையாட்டினான். அவன் அம்மா சம்பூர்ணம் மணப்பாறை முறுக்கைக் கடித்துக்கொண்டே, அதுக்கென்ன, படித்த பெண், அவள் இஷ்டம் என்றாள். நான் நம்பினேன்.

மாவட்டம் வந்தபோது எட்டரை தாண்டிவிட்டது. தாலித் தட்டு பக்கத்திலேயே இருந்தது, தேங்காய் மேல் மஞ்சள் கயிறு. எடுத்துக் கொடுப்பார் என்று பார்த்தால் மைக்கை எடுத்தார்.

நன்றாகத்தான் பேசினார். அதை நான் மறுக்கவில்லை. நாம் உழைத்து வரி கட்டுகிறோம், டெல்லி அள்ளிக்கொண்டு போகிறது, திரும்பி வருவது கிள்ளித்தான் வருகிறது என்றார். ஏன் என்றால், பங்கு பிரிக்கும்போது தலை எத்தனை என்றும் பார்க்கிறார்கள். நாட்டுக்கு நல்லது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு நாம் பிள்ளைகளைக் குறைத்தோம், கேட்காத மாநிலங்களுக்குப் பங்கு கூடுகிறது, சொன்ன பேச்சைக் கேட்டதற்கு நமக்குத் தண்டனையா என்று மேஜையைத் தட்டினார். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். பவித்ராவின் பஸ் நினைப்பு வந்து உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

அப்புறம் மணமக்கள் பக்கம் திரும்பினார்.

“அதனால மணமக்களுக்கு என் அன்புக் கட்டளை. இந்த ஒண்ணு ரெண்டு கதையெல்லாம் வேணாம். நாலு புள்ளையாவது பெத்துக்கணும். முதல் புள்ள அடுத்த வருஷமே வரணும். நம்ம பங்கைக் காப்பாத்துறது உங்க கையிலதான் இருக்கு.”

ஒரே சிரிப்பு. சம்பூர்ணம் எழுந்து வந்து பவித்ராவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். மைக் பக்கத்தில் நின்று சொன்னதால் எல்லாருக்கும் கேட்டது.

“மாவட்டமே சொல்லியாச்சு. இனிமே சென்னையாவது ஒண்ணாவது.”

அஜித் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பவித்ரா அழவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். எனக்கு அடிவயிற்றிலிருந்து குபீரென்று ஏறியது.

அந்த அடிவயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்து மூன்று வயதில் இரண்டாவது பெண் அகிலா பிறந்தாள். பிரசவ வார்டில் நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு போதும்மா, உனக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது என்றார். யாரும் மிரட்டவில்லை. எனக்கும் சரி என்று பட்டது, ஆபரேஷன் செய்துகொண்டேன். ஆறு வயதில் அகிலா மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். மறுபடி ஒன்று பெற்றுக்கொள்ள முடியுமா என்று டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே புரிந்துவிட்டது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அன்றைக்குச் செய்தது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நிறுத்து நிறுத்து என்று சொன்னவர்களே இன்றைக்கு, நீங்கள் குறைச்சலாக இருக்கிறீர்கள், உங்களுக்குப் பங்கும் குறைச்சல்தான் என்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியவர் என் மகளைப் பார்த்து நாலு பெறு என்கிறார். வயிறு எரியாமல் குளிருமா?

நன்றி சொல்லட்டும் என்று மாவட்டம் மைக்கை என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

“ஐயா, நான் பொண்ணோட அம்மா காளியாயி. எனக்கு ரெண்டு பொண்ணு. சின்னவ செத்துப் போயிட்டா.”

மணமேடையில் செத்துப்போன பேச்சு. காதில் விழக் கூடாத சொல் விழாமல் இருக்கத்தானே கெட்டிமேளமே வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் தவில்காரரைப் பார்த்து விரலை ஆட்டினார். என் வீட்டுக்காரர்தான், வேறு யாருமில்லை. அடுத்த நொடி கெட்டிமேளம் பிளந்துகொண்டு கிளம்பியது.

பின்வரிசைக்காரர்களுக்கு மேடை எங்கே தெரிகிறது? கெட்டிமேளம் கேட்டால் தாலி ஏறிவிட்டது என்று அர்த்தம். கையில் வைத்திருந்த அட்சதையை வீசினார்கள். பந்தி வாசலில் இடம் பிடிக்க நின்றவர்கள் அங்கிருந்தே வீசினார்கள். என் தலையில் விழுந்தது, மாவட்டத்தின் வழுக்கையில் விழுந்தது, தட்டில் கிடந்த தாலி மேலேயே விழுந்தது. வாழ்க வாழ்க என்று ஒரு கோஷ்டி கத்தியது. யார் வாழ்க, எதுக்கு வாழ்க, ஒன்றும் தெரியாது.

நான் மைக்கை விடவில்லை. அடிக்கிறவன் எவ்வளவு நேரம் அடிப்பான், பார்த்துவிடலாம் என்று நின்றேன். தவில்காரர் தலையைத் தூக்கித் தட்டில் கிடந்த தாலியைப் பார்த்தார். கை தளர்ந்தது. என் வீட்டுக்காரர் மறுபடி விரலை ஆட்டினார். அதற்குள் பவித்ரா மாலையோடு எழுந்து கையைத் தூக்கினாள்.

“நிறுத்துங்கண்ணே. அம்மா பேசி முடிக்கட்டும்.”

தவில்காரர் குச்சியைக் கீழே வைத்தார். நான் பேசினேன். ஆபரேஷனைச் சொன்னேன், அகிலாவைச் சொன்னேன், டாக்டரம்மாவிடம் போய் நின்றதையும் சொன்னேன். எந்தக் கூட்டத்திலும் சொல்லாததை நானூறு பேர் முன்னால் சொன்னேன். டெல்லி செய்வது அநியாயம் என்று ஐயா சொன்னது முழுக்க நிஜம் என்றும் சொன்னேன். முன்வரிசையில் என் வயசுப் பொம்பளைகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே தழும்புதான்.

மாவட்டம் சிரிக்கப் பார்த்தார். தமாஷாகச் சொன்னதம்மா, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார்.

“அன்னைக்கு நாட்டுக்காக நிறுத்துன்னு சொன்னாங்க, நிறுத்துனேன். இன்னைக்கு நாட்டுக்காகப் பெறுன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டு தடவையும் எங்க வயிறுதானா கெடச்சுது? டெல்லியில போய்க் கேக்க வேண்டியத என் பொண்ணு வயித்துக்கிட்ட வந்து கேக்காதீங்க. நீங்க டெல்லிக்குக் கிளம்புங்க, நானும் கூட வரேன்.”

முன்வரிசையில் யாரோ ஒருத்தி கை தட்டினாள். நான் அதோடு விடவில்லை. மைக்கை அஜித்திடம் நீட்டினேன். எங்கள் வீட்டில் ஒத்துக்கொண்டதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இங்கே சொல்லுங்கள் தம்பி என்றேன். பையன் மைக்கைப் பார்த்தான். அப்புறம் அவன் அம்மாவைப் பார்த்தான்.

சம்பூர்ணம்தான் வாயைத் திறந்தாள். “முகூர்த்தம் போவுது சம்பந்தி. அதெல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

“அப்ப தாலியையும் வீட்டுலயே போய்க் கட்டிக்கலாம்,” என்றேன்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒன்பது அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். பவித்ரா உட்காரவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கெஞ்சல் ஒன்றும் இல்லை. இவன் சொல்லாவிட்டால் மாலையைக் கழற்றி வைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். மைக்கை வாங்கினான்.

“பவித்ரா சென்னையில வேலையில சேருவாங்க. மூணு வருஷம் கழிச்சு, அவங்க எப்ப சொல்றாங்களோ அப்பதான் குழந்தை.”

சம்பூர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாவட்டம் தாலியை எடுத்து, என்னைப் பார்க்காமலே அவன் கையில் கொடுத்தார். பந்தியில் உட்காராமல் காரைப் பார்த்துப் போய்விட்டார். அவரை அவமானப்படுத்திவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கு வரைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும், வீடு நிம்மதியாக இருக்கிறது.

இரண்டாவது கெட்டிமேளம் கேட்டபோது பழக்கதோஷத்தில் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். யார் கையிலும் அட்சதை இல்லை. எல்லாவற்றையும் முன்னாடியே என் தலையில் கொட்டித் தீர்த்திருந்தார்கள். முடியைக் கோதி, அகப்பட்டதையெல்லாம் சேர்த்து என் மகள் தலையில் போட்டேன். பதினாறும் பெற்று என்று என் வாயில் வரவில்லை. “போய் வேலையில சேரு” என்றேன்.