மழையில்லாமல் வந்த ஆறு

பிரிஸ்பேனுக்கு மேற்கே வெகுதூரத்தில், வறண்ட உள்நாட்டில் இருந்த டெரிங்காவுக்கு ஆறு வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. ஆறு ஓடுகிறது என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. ஆறு வரும், இருக்கும், போய்விடும். மற்ற நாளெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் மண்ணில் மாடுகள் நடந்துகொண்டிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மேயர் கிளெனிஸ் தார்பர்னுக்கு ஆற்றின் நினைப்பே இல்லை. கவுன்சிலுக்குப் பொருளாதார வளர்ச்சி இயக்குநர் என்று ஒருவரை வைத்துக்கொள்ள அரசு முதல்முறையாக ஒப்புதல் கொடுத்திருந்தது. அதற்கான நேர்காணல் அன்றைக்கு. ஊரில் பத்துக் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பப், ஒரு பெட்ரோல் பங்க். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கிளெனிஸின் மகளே இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு டூவூம்பா நகரத்துக்குப் போய்விட்டாள். அவர்களுக்காகக் கட்டிய ஊஞ்சலைக் கழற்ற மனசு வராமல் கிளெனிஸ் தன் வீட்டுப் பின்பக்கம் போவதையே விட்டிருந்தாள்.

அதனால்தான் பருத்திக் கம்பெனி வந்து கேட்டபோது அவளுக்கு ஆசை வந்தது. வடக்கே ஆற்றை மறித்து அணை கட்டிக்கொள்கிறோம், அறுபது குடும்பத்துக்கு வேலை தருகிறோம் என்றார்கள். கவுன்சில் அதை வளர்ச்சித் திட்டத்தின் முதல் இடத்தில் வைத்தால் போதும், மேலிடத்து அனுமதியை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். நேர்காணலுக்கு வந்திருந்த கார்மென் வெல்லாவும் தன் திட்ட அறிக்கையில் அணையைத்தான் முதலில் வைத்திருந்தாள். மெக்காய் பக்கத்துக் கரும்பு விவசாயி மகள், நாற்பது வயது, பிரிஸ்பேனில் நல்ல உத்தியோகம். அறிக்கை அவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் கூப்பிட்டார்கள்.

"பிரிஸ்பேன்ல காபி நல்லா இருக்கும். எதுக்கு இந்தப் பொட்டக்காட்டுக்கு வரீங்க?" என்று ஆரம்பித்தார் மெர்வ் பாஸ்கோ. பப்பும் பங்க்கும் அவருடையவை. கவுன்சிலில் இருபது வருடம்.

"அங்க நான் இல்லாட்டியும் எல்லாம் நடக்கும் சார்," என்றாள் கார்மென்.

"இங்க நீங்க இருந்தாலும் நடக்காது!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் ஆபீஸ் பெண் கதவைத் திறந்தாள். வடக்கே இருக்கும் மாட்டுப் பண்ணையிலிருந்து போன். "தண்ணி அவங்க எல்லையைத் தாண்டிடுச்சாம். மத்தியானத்துக்குள்ள இங்க வந்துடுமாம். பெருசாம்."

மெர்வ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இன்டர்வியூ எங்க ஓடிடப் போவுது. வாங்கம்மா, நீங்களும் வாங்க."

ஊரே ஆற்றங்கரையில் நின்றது. பள்ளிக்கூடமும் வந்திருந்தது. தலைக்கு மேலே துடைத்துவிட்டதுபோல் நீல வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை. எங்கோ நூற்றுக்கணக்கான மைலுக்கு வடக்கே, போன மாதம் பெய்த மழை அது.

முதலில் வந்தது தண்ணீர் இல்லை. சிலந்திகள் வந்தன. வெடிப்புகளுக்குள்ளிருந்து கறுப்பாகக் கிளம்பி, நிற்பவர்களின் காலணி மேலேறி ஓடின. பருந்துகள் தாழ இறங்கி வட்டமிட்டன. பிறகு ஒரு வாசனை. புழுதியும் வேரும் கலந்த, மூக்கைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்குகிற வாசனை. அதற்குப் பிறகுதான், மரங்களுக்கு நடுவே, பழுப்பு நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு ஒரு நாக்கு நீண்டது. ஆள் நடக்கிற வேகம்தான். வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனது. உள்ளிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேற, தரை முழுவதும் முணுமுணுத்தது. அந்தச் சத்தம் கேட்பதற்காகக் குழந்தைகள் குந்தி உட்கார்ந்தார்கள்.

கவுன்சிலர் லோர்னா கைல் கீழே இறங்கிப் போனாள். அவளுடைய பழங்குடி மக்கள் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே அந்த ஆற்றோடு இருப்பவர்கள். குனிந்து, வருகிற தண்ணீரிடம் தன் பாஷையில் ஏதோ சொன்னாள், வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுவதுபோல. மெர்வ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் நனைந்திருந்தது.

கிளெனிஸ் இதற்கு முன்பும் ஆறு வந்து பார்த்திருக்கிறாள். ஆனால் அப்போதெல்லாம் தன் பண்ணையில் வேலி போச்சே, கன்றுகள் எந்த மேட்டில் நிற்கின்றனவோ என்ற பதைப்பிலேயே பார்த்திருக்கிறாள். வெறுமனே நின்று பார்ப்பது இதுதான் முதல்முறை. சாயங்காலத்துக்குள் எதிர்க்கரை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கண் போகிற தூரம் வரை தண்ணீர், அதில் இடுப்பளவு மூழ்கி நிற்கும் மரங்கள், அதற்குக் கீழே இன்னொரு வானம். யாரும் இதை அனுப்பவில்லை, யாரும் இதைக் கூப்பிடவும் முடியாது என்று நினைத்தபோது அவள் கை மயிர் சிலிர்த்தது. பக்கத்தில் கார்மென். ஷூவுக்குள் தண்ணீர் ஏறியதுகூடத் தெரியாமல் நின்றாள்.

சாலை மூழ்கிவிட்டதால் அவளால் திரும்பிப் போக முடியவில்லை. மறுநாள் காலை நேர்காணல் தொடர்ந்தது. கார்மென் தன் அறிக்கையை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"அணையை எடுத்துடுங்க. அதை நான் மேப்பைப் பார்த்து எழுதினேன். இங்க என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது. இப்போ தெரியும். அதை மறிக்கறதுக்கு நான் வேலை செய்ய மாட்டேன்."

"அப்போ அறுபது குடும்பம்?" என்றார் மெர்வ்.

"அதுக்குப் பதிலா அறுபதைக் கொண்டுவர என்னால முடியாது சார். அஞ்சு, ஆறு கொண்டுவரலாம். டீச்சருக்கு ஒழுகாத வீடு, ஒரு நர்ஸ், சின்னதா ஒரு ரொட்டிக் கடை. மெதுவாத்தான் ஆகும். பொய் சொல்லி வேலை வாங்க எனக்கு இஷ்டமில்லை."

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஓட்டுக்கு விட்டார்கள். அணை வேண்டாம், கார்மென் வேண்டும் என்று லோர்னாவும் இன்னொருவரும். அணை வேண்டும், வேறு ஆளைப் பார்க்கலாம் என்று மெர்வும் இன்னொருவரும்.

"நேத்து குழந்தை மாதிரி அழுதியே மெர்வ்?" என்றாள் லோர்னா.

"அழுதது வேற, ஓட்டு வேற. என் பப்புக்கு யாரு வருவா? உன் ஆறா வந்து பீர் குடிக்கும்?" அவர் குரலில் கேலி இருந்தது, ஆனால் கண் மேஜையை விட்டு எழவில்லை. "சொல்லுங்க மேயரம்மா. உங்க ஓட்டுதான் பாக்கி. உங்க பேரப்பிள்ளைங்க திரும்பி வர வேணாமா?"

அது சரியான இடத்தில் குத்தியது. கிளெனிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரே இரவில் தெருக்கோடி வரை வந்திருந்த தண்ணீர் வெயிலில் அசையாமல் மின்னியது.

"வரணும் மெர்வ். தினமும் அதே நினைப்புதான்," என்றாள். "ஆனா நேத்து வந்ததை வராதேன்னு சொல்ல நான் யாருப்பா? எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை."

கை தூக்கினாள். அணை திட்டத்திலிருந்து போயிற்று. கார்மெனுக்கு வேலை கிடைத்தது.

பருத்திக் கம்பெனி அந்த அறுபது குடும்பத்து வேலையை வேறு ஊருக்குக் கொண்டுபோயிற்று. கிளெனிஸின் மகளும் வரவில்லை. குளிர்காலத்து விடுமுறைக்குக் குழந்தைகளை மட்டும் அனுப்பிவைத்தாள். ஆனால் டீச்சர் வீட்டுக் கூரை மாறியது, டீச்சரும் நிலைத்தார். பள்ளிக்கூடம் மூடவில்லை. ரொட்டிக் கடைக்கு ஆள் தேடி கார்மென் இன்னும் போன் பேசிக்கொண்டிருந்தாள். மெர்வ் அவளை "ஆத்துப் பொண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார், முதலில் கேலியாக, பிறகு வேறு பெயரே தெரியாதவர்போல.

வெள்ளம் வந்து சில வாரம் கழித்து ஒரு காலையில் கிளெனிஸ், கார்மெனைப் படகில் கூட்டிக்கொண்டு போனாள். மரங்களைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தினாள். எதிரே தண்ணீரே தெரியாத அளவுக்குக் கூழைக்கடாப் பறவைகள். ஆயிரக்கணக்கில் வெள்ளை வெளேரென்று மிதந்தன. அவற்றுக்கு மேலே இன்னும் ஆயிரம் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் கடலோரத்துலல்ல இருக்கும்?" என்றாள் கார்மென் கிசுகிசுப்பாக. "இங்க தண்ணி வந்துடுச்சுன்னு அதுங்களுக்கு யாரு சொன்னா?"

"யாருக்கும் தெரியாது."

"யாருக்குமேவா?"

"யாருக்குமே," என்றாள் கிளெனிஸ். இருவரும் எஞ்சினைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.