நாத்தனார் போட்ட முடிச்சு

ரேணுகாதேவிக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சி அவளோடு பேசி ஏழு வருஷம் ஆகிறது.

புருஷன் காளீஸ்வரன் ஜெனிவாவில் ஒரு சர்வதேச அமைப்புக்குக் கார் ஓட்டியவன். 2012-ல் ஓய்வு. போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். வேலையில் இருக்கும்போதே கட்டிய மனைவிக்குத்தான் குடும்பப் பென்ஷன் என்பது அவர்கள் விதி. கல்யாணம் நடந்தது 1999-ல், கோயிலில். பதிவு செய்தது பாஸ்போர்ட்டுக்காக, 2014-ல். ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. 'நீங்கள் 2014 மனைவி' என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

இன்று மேல்முறையீடு. அருப்புக்கோட்டையில் வக்கீல் ராஜகுருவின் ஆபீஸ். லேப்டாப்பில் மூன்று நடுவர்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர்.

நரிக்குடி பஸ்ஸில் வந்து இறங்கிய நாத்தனார் தங்கலட்சுமி, கட்டைப்பையோடு உள்ளே நுழைந்தாள்.

"வாங்க மதினி."

"ஒன்னப் பாக்க வரல. கூப்பிட்டது அவுக." கை லேப்டாப்பைக் காட்டியது.

நடுவர் கேட்டார், இவரைத் தெரியுமா என்று.

"தெரியாம? எந்தம்பி தாலி கட்டுனப்ப மூணாவது முடிச்சுப் போட்டவ நான். அதுக்கு நாத்தனாருக்குச் சேலை எடுக்கணும்ல. எடுத்தாக. மொத தண்ணியிலயே சாயம் போயி, எங்க வீட்டு வேட்டி நாலும் ரோஸு."

ராஜகுரு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வருஷம்?" என்றார் நடுவர்.

"நான் என்ன செஞ்சேன்னு பாருங்க." பையிலிருந்து எவர்சில்வர் குடம் வெளியே வந்தது. கழுத்தில் வெட்டிய எழுத்து: காளீஸ்வரன் - ரேணுகாதேவி திருமணம், 10.6.99. அன்பளிப்பு தங்கலட்சுமி. "சண்டையில திருப்பித் தூக்கிட்டுப் போயிட்டேன். இவளுக்கெல்லாம் எதுக்கு?"

கேமரா முன்னால் குடம் சுற்றியது. மூன்று தலைகளும் குனிந்தன.

"மனுதாரருக்கு உதவ உங்களுக்குக் காரணம் ஏதும் உண்டா?"

"இவளுக்கா?" தங்கலட்சுமி சிரித்தாள். "இருபத்தாறு வருஷமா எனக்கு ஒரு நல்ல சேலை பாக்கி."

நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, திரை ஐந்து நிமிஷம் ஊமையானது. பிறகு நடுவரின் குரல் வந்தது.

"இவ்வளவு கோபத்தில் இருக்கும் சாட்சி, மனுதாரருக்காகப் பொய் சொல்ல மாட்டார். திருமணம் 1999-ல்தான் நடந்தது. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது."

ரேணுகா அப்படியே சரிந்தாள். தங்கலட்சுமி தோளோடு தாங்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் இருங்கய்யா," என்றாள் திரையைப் பார்த்து. "காலையிலேருந்து ஒண்ணும் திங்கல போல. தண்ணி குடிக்கட்டும்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்தார். நடுவர்கள் காத்திருந்தார்கள்.